அசைந்தால் ஓடும் கடிகாரம்

என் மகள் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம், மணி காட்டுவதை ஒரு பகுதிநேர வேலையாகத்தான் வைத்திருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அது என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. நாடி பார்க்கிறது. இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்கிறது. நேற்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை என்ற செய்தியை, விடிவதற்கு முன் மணிக்கட்டில் அதிர்ந்து, என்னை எழுப்பிச் சொல்கிறது. அலுவலகத்தில் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் எழுந்து நிற்கச் சொல்லி உத்தரவு வருகிறது. இத்தனை வருடம் நான் உழைத்ததே உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்றுதான் என்பதை அதற்கு யார் சொல்வது?

இந்தக் கணக்கெல்லாம் மகளுடைய போனுக்கும் போய்விடுகிறது. "என்னப்பா, இன்னைக்கு நடக்கவே இல்ல போலருக்கு?" என்று ராத்திரி கேட்பாள். ஒரு வயதுக்குமேல் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்று தெரியும். சாட்சியை நம் கையிலேயே கட்டிவிட்டுக் கேட்பார்கள் என்று தெரியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். டி.வி. முன்னால் சாய்ந்தபடி இடது கையை மட்டும் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருப்பேன். கடிகாரம் நான் நடப்பதாக எண்ணிக்கொள்ளும். இவ்வளவு படித்த ஒன்றை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிவதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

போன வாரம் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "யாருக்கு டாட்டா காட்டுறீங்க?" என்று கேட்டாள். இந்த வேலை எனக்குப் புதிதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அலுப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன். பத்து வயதிலேயே ஒரு கடிகாரத்துக்காகக் கை வீசியவன் நான். அப்போது இதைவிட நன்றாகவே வீசினேன்.

எங்கள் அப்பா நாகப்பட்டினத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். காரைக்காலிலிருந்து காலை பஸ்ஸில் போய், ராத்திரி பஸ்ஸில் திரும்புவார். வாஞ்சூரைத் தாண்டினால் பாண்டிச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும். அப்பாவைப் பொறுத்தவரை அங்கே வீடு முடிந்து கடை தொடங்கிவிடும். கடையில் அவருக்கு உட்கார இடம் கிடையாது. நின்றபடியே அலமாரியிலிருந்து சேலையை உருவுவதும், வந்தவர்கள் முன்னால் வீசி விரிப்பதும், அவர்கள் பிடிக்கவில்லை என்றதும் மடித்து வைப்பதும்தான் வேலை. அவர் வீசுகிற சேலை ஒரு நொடி காற்றிலேயே நின்று யோசித்துவிட்டு, முந்தானை மேலே தெரிகிற மாதிரி வந்து விழும். வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட அவர் கை எதிரே கிடக்கிற துண்டையோ என் கால்சட்டையையோ எடுத்து மடித்துக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு சபுராளி இருந்தார். வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு ஊருக்கு வந்துபோகிறவரை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குத் துபாயில் வேலை. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய தங்கை கல்யாணத்தின்போது அப்பா கடைச் சேலைகளை மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவந்து, அவர்கள் வீட்டுக் கூடத்தில் விரித்துக் காட்டியிருந்தார். வீட்டுப் பெண்கள் வெயிலில் அலையாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே தேர்ந்தெடுத்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மாமா அடுத்த விடுமுறையில் ஒரு கைக்கடிகாரத்துடன் வந்து இறங்கினார்.

"இதுக்கு சாவி குடுக்க வேணாம்ணே. பேட்டரியும் கெடையாது. கையில கட்டிக்கிட்டு நீங்க அசைஞ்சா போதும், அது பாட்டுக்கு ஓடும்."

அப்பா அதைக் காதருகில் வைத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ சுழலும் சத்தம் கேட்டது. அரைவட்டமாக ஒரு தகடு இருப்பதாகவும், கை அசையும்போதெல்லாம் அது சுழன்று உள்ளேயிருக்கும் சுருள்வில்லை முறுக்கிவிடும் என்றும் மாமா விளக்கினார். தெருவில் பாதிப் பேர் வந்து குலுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சேலை வீசுகிற கைக்கு இது நின்றுபோகவே வாய்ப்பில்லை என்று மாமா சொன்னதில் எல்லாருக்கும் சம்மதம்.

அடுத்த வருடம் புரட்டாசியில் அது நின்றது.

காலையில் ரேடியோவில் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார். அது ராத்திரி ஏதோ ஒரு நேரத்தில் தூங்கிப்போயிருக்கும். குலுக்கி, மணியைத் திருத்திக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புவார். மறுநாள் மறுபடி நின்றிருக்கும். அந்தச் சமயம் மாமா திரும்பவும் விடுமுறையில் வந்திருந்தார். தான் கொடுத்த பொருள் தெருவறிய நின்றுபோனது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. "ரெண்டு நாள் என்கிட்ட குடுங்கண்ணே, பாத்துடுறேன்" என்று வாங்கிப்போய்த் தன் கையில் கட்டிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் நாள் அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து அம்மாவிடம் கொடுத்தார்.

"கடியாரத்துல ஒரு கொளாறும் இல்லக்கா. என் கையில சூப்பரா ஓடுது. அண்ணன் கையிலதான் நிக்கிது." பிறகு சிரித்துக்கொண்டே, "சும்மா உக்காந்திருக்கிற ஆளு கையிலதான் இது நிக்கும். அண்ணன்தான் நாள் பூரா கை வீசுறவங்களாச்சே" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. கடிகாரத்தை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் தேவையில்லாத இடத்தையும் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"அதுவா தம்பி. இப்ப அவங்களுக்கு மேற்பார்வை குடுத்திருக்காங்க. கல்லா பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. கைக்கு வேலையே இல்ல."

அப்பாவைக் கடையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பதை அம்மா தெரிந்துகொண்டது அந்த இடத்தில்தான். எனக்கு அது தெரிய ஏகப்பட்ட வருடங்கள் ஆயின. முதலாளியின் மகன் புதிதாகக் கடைக்கு வந்து ஏதோ சொல்லியிருக்கிறான். அப்பாவும் பதிலுக்கு ஏதோ சொல்லியிருக்கிறார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாகிவிட்டது. அப்பா வழக்கமான பஸ்ஸில் ஏறி, நாகப்பட்டினம் வரை போகாமல் நாகூரிலேயே இறங்கி, கடற்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துகொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் நிறைய வந்து உட்கார்ந்திருக்கிற இடம். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. துவைக்கிற வேட்டியின் மடிப்பிலிருந்து மணல் கொட்டுவதை அம்மா முன்பே பார்த்திருக்கிறாள். அதை நம்பாமல் தட்டிவிட்டிருக்கிறாள். கடிகாரம் சொன்னதை அப்படித் தட்டிவிட முடியவில்லை.

அன்று ராத்திரி அப்பா தெருமுனையில் வரும்போதே மாமா மடக்கிவிட்டார். "என்னண்ணே, மேற்பார்வையாமே? எங்கிட்ட சொல்லவே இல்ல பாத்தீங்களா." நான் வாசலில் நின்றிருந்தேன். அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்பா மாமாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். பார்த்தபடியே, "ஆமாப்பா. இப்பதான்" என்றார். உள்ளே வந்து கால் கழுவி, சாப்பிட்டு, கொடியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து மடிக்க ஆரம்பித்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் அப்பாவுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது என்று சொன்னேன். கைப்பிடி வைத்த நாற்காலியா என்று ஒருவன் கேட்டான். கைப்பிடி மட்டுமில்லை, சுழலவும் செய்யும் என்றேன். பதவி உயர்வின் மற்ற பலன்களும் வரிசையாக வரத் தொடங்கின. மேற்பார்வைக்காரர் என்பதால் அப்பா இப்போது சாயங்காலமே வந்துவிடுவார். வீட்டில் திடீரென்று முருங்கைக்கீரை நிறையச் சமைத்தார்கள். கண்ணுக்கு நல்லது என்று அம்மா சொன்னாள். அவள் சில ராத்திரிகளில் சாப்பிடாமல், வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டாள். கீரையை இவ்வளவு சாப்பிட்டால் அப்படித்தான் ஆகும் என்று நான் நினைத்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய பலன் எனக்குத்தான் கிடைத்தது. அப்பா வந்து சட்டையைக் கழற்றியதும் அம்மா கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டிவிடுவாள். சங்கிலிப் பட்டை முழங்கைவரை ஏறிப்போகும். கைக்குட்டையைச் சுற்றி, அதன்மேல் கட்டுவாள்.

"இருட்டுறவரைக்கும் வெளையாடு. கைய வீசி ஓடு. எங்கயும் சும்மா நின்னுடாத."

படி என்று சொல்கிற தாய்மார்கள் மத்தியில் எனக்கு இப்படி ஒருத்தி வாய்த்திருந்தாள். நான் அரசலாற்றுப் பாலம்வரை ஓடினேன். பந்து போட்டேன், மரம் ஏறினேன், யாரும் துரத்தாதபோதும் ஓடினேன். களைத்து உட்கார்ந்தால் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பேன். மறுநாள் காலை ரேடியோ செய்தியின்போது கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா அதைப் பார்ப்பார். குலுக்காமல் கட்டிக்கொள்வார். ஒரு மனிதன் பொழுது விடிந்ததும் நின்றுபோன கடிகாரத்தின் முகத்தில் விழிக்கக் கூடாது என்பதற்காக நான் ஓடுகிறேன் என்பது எனக்குத் தெரியாது. ஓட்டப்பந்தயத்துக்குத் தயார்ப்படுத்துகிறார்கள் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. வெளியே போக முடியவில்லை. அம்மா ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து, அப்பாவின் கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டு மாவு ஆட்டினாள். குழவியோடு கை சுற்றிச் சுற்றி வந்தது. கடிகாரத்துக்கு அதைவிட நல்ல கை அமைந்திருக்காது. அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர், நிலைப்படியில் நின்றுவிட்டார். அம்மா நிமிரவில்லை, சுற்றுவதையும் நிறுத்தவில்லை.

"கண்ணாடியில மாவு படாம பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பா தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனார்.

தீபாவளிக் கூட்டம் தொடங்கியதும் கடையிலிருந்து ஆள் வந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள், சேலை காட்டுகிறவர் எங்கே என்று கேட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போகிறார்களாம். அப்பா மறுநாளே போனார். அன்று ராத்திரி பஸ்ஸில்தான் திரும்பினார். செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம், "பழையபடி நின்னுக்கிட்டுதான்" என்றார். குரலில் வெட்கமே இல்லை. அம்மா "சரி" என்றாள். நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். "இனிமே வேணாண்டா, அது தானா ஓடும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துச் சேமியாப் பாயசம் வைக்க ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரே நேரத்தில் இரண்டும் போயின: என் கடிகாரமும் அப்பாவின் நாற்காலியும். பதவி போனதற்குப் பாயசம் வைக்கிற வீட்டை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அழுதுகொண்டு நின்றவன் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

மாமா கதவைத் திறந்தார். கிண்ணத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னடா, இனிப்பக் கொண்டாந்துட்டு அழுவுற?" என்றார்.

"எங்க அப்பாவ நாற்காலியிலேர்ந்து எறக்கிட்டாங்க மாமா. இனிமே நின்னுக்கிட்டேதான் சேலை காட்டணுமாம்."

மாமா ஒருமுறை எங்கள் வீட்டு வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மெதுவாக, "அல்ஹம்துலில்லா" என்றார். நல்ல செய்தி வந்தால் இறைவனுக்கு நன்றியாக அவர்கள் வீட்டில் சொல்வது அது.

கடிகாரம் கொண்டுவந்து கொடுத்த மனிதரா இப்படி என்று எனக்கு வெறுத்துப்போயிற்று. வீட்டுக்குத் திரும்பி, இனி அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்து, அழுதுகொண்டே இரண்டாவது டம்ளர் பாயசத்தையும் குடித்து முடித்தேன்.