லிவ் என்றாரா, லீவ் என்றாரா

என் கணவருக்குப் பேச்சு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா சந்தையில். எப்போதும் மீன் வாங்கும் கடைக்கு முன்னால் நின்றிருந்தோம். "வஞ்சிரம் நல்லாருக்கு, வெட்டச் சொல்லவா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வலது கையிலிருந்த காய்கறிப் பை நழுவி ஈரத் தரையில் விழுந்தது. யாருடைய பையோ என்பதுபோல அதைக் குனிந்து பார்த்தார். முதலில் புரிந்துகொண்டவர் மீன்காரர்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

பக்கவாதம். மூளையின் இடது பக்கத்தில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிர் தப்பிவிட்டது. வலது கையும் காலும் வேலை செய்யவில்லை. கொஞ்ச நாளில் பேச்சு திரும்பியது. தமிழ் திரும்பவில்லை.

வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுவோம். ஆனால் அவர் வாழ்க்கை முழுக்கப் பஸ் ஓட்டியவர். டிப்போவிலும் பயணிகளிடமும் விடிந்ததிலிருந்து ஆங்கிலம்தான். எந்த மொழி முதலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார், பேச்சுப் பயிற்சி தர வந்த பெண். வந்த ஆங்கிலமும் நேராக வரவில்லை. நினைக்கிற சொல் ஒன்று, அதே ஓசையில் வாயிலிருந்து விழுகிற சொல் வேறொன்று. விளக்கைப் போடச் சொல்ல நினைத்து, லைட் என்பதற்குப் பதிலாக நைட் என்பார். வலிக்கிறது என்று சொல்லவேண்டிய பெயின், ரெயின் என்று வரும். நான் ஜன்னலைப் பார்ப்பேன், வெளியே வெயில் கொளுத்தும்.

ஓசை ஒத்துப்போகும் சொற்களைச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பள்ளியில் நான் ஆசிரியை. கேட், ஹேட், மேட் என்று பல வருடங்களாகக் கைதட்டிச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அதே வேலையை இப்போது மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் செய்தேன். அவர் ஒரு சொல்லைச் சொன்னதும், அதே ஓசையில் வரக்கூடிய சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். சரியானது வந்ததும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் அவர் டெட், டெட் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிரெட்டா, ஹெட்டா என்று கேட்டு, கடைசியில் பெட் என்றேன். மணிக்கட்டைப் பிடித்தார். கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி நடுவிலிருந்த திரையை இழுத்து மூடிவிட்டார்.

அடுத்த வாரம் புதிதாக ஒரு தாதி வந்தார். என்னைக் காட்டி, இவர் யார் என்று என் கணவரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. "நைஃப்" என்றார். தாதி மறுபடி கேட்க, இன்னும் சத்தமாக "நைஃப்" என்றார். ஒய்ஃப் என்று சொல்லத்தான் அவ்வளவு பாடுபட்டார். எனக்குத் தெரிந்தது. தாதிக்கு அது கத்தியாகக் கேட்டது. அவரைப் புரட்டும்போது நான் பிடித்த இடத்தில் மேல்கை கன்றிப் போயிருந்தது. அதையும் தாதி பார்த்தார்.

சாயங்காலம் சமூகப் பணியாளர் ஒருவர் என்னை ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனார். சின்ன வயதுப் பெண், மரியாதையாகத்தான் பேசினார். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா, களைப்பாக இருக்கும்போது கோபம் வருமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஒய்ஃப், நைஃப், லைஃப் என்று அவருக்குச் சொல்லிக் காட்டினேன். என் குரல் வகுப்பில் வரும் குரலாகவே வந்தது. அவர் தலையாட்டினார். பிறகு என் மகளையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. ஊரின் மறுகோடியில், பாசிர் ரிஸ்ஸில் குடும்பத்தோடு இருக்கிறாள். அன்று லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கேட்டாள்.

"அம்மா, அப்பாவை நீங்க கஷ்டப்படுத்தலைல?"

"நீயுமா கேக்குற?"

"அவங்க கேட்டாங்க. நான் அப்படியெல்லாம் இல்லைன்னுதான் சொன்னேன். சும்மா கேட்டேன் லா."

விசாரணை அதோடு முடிந்தது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் எனக்காக எடுத்துச் சொன்னாராம். ஆனால் அதன் பிறகு அவரைப் புரட்ட வேண்டியிருந்தால் நான் மணியை அழுத்தி, யாராவது வரும்வரை காத்திருந்தேன். யாரும் வராத நேரங்களில் அவர் அப்படியே கிடந்தார்.

இரண்டாவது பக்கவாதம் மருத்துவமனையில் இருக்கும்போதே வந்தது. இந்தத் தடவை விழுங்கும் சக்தியும் போய்விட்டது. ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தாலும் நுரையீரலுக்குள் இறங்கியது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கலாம், இல்லையென்றால் குழாய் போடாமல் வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நோயாளிக்கு நினைவிருக்கிறது, அவரையே கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நானும் மகளும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். டாக்டர் குனிந்து, குழாயைக் கையில் எடுத்துக் காட்டி, இது வேண்டுமா, உங்களுக்கு என்ன விருப்பம் என்று மெதுவாகக் கேட்டார்.

வெகுநேரம் கழித்து அவர் ஒரே ஒரு சொல் சொன்னார்.

லிவ் என்றால் வாழ்வது. லீவ் என்றால் விட்டுப் போவது. வகுப்பில் இரண்டையும் பிரித்துக் காட்ட நான் உதட்டை இழுத்துச் சொல்வேன். ஆனால் எங்கள் ஊர் ஆங்கிலப் பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. பஸ் ஓட்டியவருக்கு லீவ் என்பது விடுமுறையும்கூட. அவர் சொன்னது நீளமாகத்தான் என் காதில் விழுந்தது.

"வாழணும்னு சொல்றாரு மா," என்றாள் மகள். அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு அப்படிக் கேக்கல," என்றேன். "விட்டுருங்கன்னு சொல்றாரு."

மகள் கட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். லிஃப்ட் வாசலில் பார்த்த அதே பார்வை. டாக்டர் மறுபடி கேட்டார். நான் என் மணிக்கட்டைக் கணவர் கைக்குள் வைத்து, வாழணுமா, போகணுமா என்று தமிழிலும் கேட்டேன். கை அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

தெளிவாகத் தெரியாத நிலையில் குழாயைப் போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம் என்றார் டாக்டர். "சரி, போடுங்க," என்று நானே சொன்னேன்.

அன்று இரவே அவர் இடது கையால் குழாயைப் பிடுங்கினார். மறுபடி போட்டார்கள். மறுபடி பிடுங்கினார். பிறகு அந்தக் கையில் தடித்த பஞ்சு உறையை மாட்டிக் கட்டினார்கள். என் மணிக்கட்டைப் பிடிக்க அவருக்கு இருந்தது அந்த ஒரு கைதான். அதன் பிறகு எந்தச் சொல்லையும் அவரிடம் சரிபார்க்க வழியில்லை. அவரும் பேசுவதை நிறுத்திவிட்டார். உறை மாட்டிய கையை மட்டும் கட்டில் கம்பியில் தட்டுவார். அந்தச் சத்தத்தோடு எதுவும் ஒத்துப்போகவில்லை.

சில வாரங்கள் அப்படியே போயின. பிறகு நுரையீரலில் தொற்று. மருந்து கேட்கவில்லை. இனி குழாய் வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உறையைக் கழற்றியபோது உள்ளங்கை வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. நான் அதைத் துடைத்துவிட்டேன். மறுநாள் காலை, மகள் வந்து சேர்வதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு மகள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து அடுக்கினேன்.

"அன்னைக்கு அப்பா என்னதான் சொன்னாரு?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"தெரியல."

"நீங்க தெரியும்னு சொன்னீங்க."

"அப்படித்தான் கேட்டுச்சு. அவர் படுறதைப் பார்க்க முடியாம நானே அப்படி நினைச்சுக்கிட்டேனோ என்னவோ."

அவள் குழாயை மூடினாள். "எனக்கும் தெரியல மா. எனக்கு அவரு வேணும். அதான் எனக்குக் கேட்டுச்சு போல. அவரு கையைக் கட்ட நான்தான் காரணம்."

"நான்தான் போடச் சொன்னேன்."

"நான் உங்களைப் பார்த்தேன், அதனாலதான் சொன்னீங்க."

நான் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவள் ஈரக் கையோடு அங்கேயே நின்றாள். நான் துணியை நீட்டினேன், வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மகளும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, என் தோளை ஒரு முறை தொட்டுவிட்டு நடந்தாள். லிஃப்ட் வந்து, கதவு மூடி, இறங்கும் சத்தம் கேட்டது. நான் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன்.