ஆலங்கட்டி நனைத்த கொப்பரை

எங்கள் பக்கம் பங்குனி பிறக்கிற சமயத்தில் ஆலங்கட்டி விழுந்தால், ஆளாளுக்கு டம்ளரில் பொறுக்கி வைத்துப் போட்டோ எடுப்பார்கள். எனக்கு அந்தப் போட்டோவைப் பார்த்தாலே குமட்டும்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். அந்த வருடம் களம் நிறைய உடைத்த தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்று வெயில் போதும். மூடுவதற்கான தார்ப்பாய்களையெல்லாம் மாமனார் மாரியம்மன் நோம்பிக்குச் சமையல் கொட்டகை போடக் கொடுத்துவிட்டார். வருடா வருடம் கொடுப்பதுதான். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "இந்த மாசத்துல எங்க கண்ணு மழை வருது?" என்று சிரித்தார்.

வந்தது. சாயங்காலம் மேற்கே கறுத்தது, காற்று அடித்தது, கல் கல்லாகக் கொட்டியது. சாக்கையும் பழைய சேலையையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். எதை மூடுவது, எதை விடுவது? அரை மணி நேரத்தில் களத்தில் தேங்காய் மிதந்தது. மாமனார் வாசற்படியில் நின்றபடி, "எங்கய்யன் காலத்துலயும் பங்குனியில ஒருக்கா இப்பிடித்தான் கல்மழை பேஞ்சுது கண்ணு. நாலு வருசத்துக்கு முன்னாடியுங்கூடப் பேஞ்சுதே!" என்றார். அடக் கருமமே! இத்தனையும் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷன் தார்ப்பாயை ஏன் தூக்கிக் கொடுத்தார்? அதிசயம் பார்த்த பெருமை வேறு முகத்தில்.

அப்புறம் இரண்டு நாள் வெயிலே இல்லை. மூன்றாம் நாள் கொப்பரை முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம், மயிர் முளைத்த மாதிரி. விரல் வைத்தால் வழவழவென்று வழுக்கியது. அந்த நாற்றம் என் தலைமுடியில் ஏறி, இரண்டு தடவை சீயக்காய் போட்டும் போகவில்லை.

"ஏனுங்க, பாதி வெல வந்தாலும் இத சோப்புக்காரங்களுக்குக் குடுத்துரலாமுங்க," என்றேன் கணவரிடம். அவர் சரக்கை வெளுக்க வைக்கக் கந்தகம் வாங்கப் போய்விட்டார். பத்து வருடமாக எங்கள் களத்தில் வேலை செய்கிற அக்கா உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பூசணத்தைத் துணியால் துடைத்துப் போட்டார். அதை அறைக்குள் அடுக்கிக் கந்தகப் புகை போட்டார்கள். கதவைத் திறந்தால் அத்தனையும் மல்லிகைப்பூ நிறம்! த்தூ! எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

மாமியார் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "நீ எதுக்குக் கண்ணு மொகத்தச் சுளிக்கற? நம்மூட்டு எண்ணெய்க்கு மாடியில தனியாக் காயப்போட்டது நனையவே இல்ல. மொதல்ல அதத்தான எடுத்து உள்ள வெச்சேன்."

வாரா வாரம் சரக்கைப் படமெடுத்து எண்ணெய் மில்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்புவது என் வேலை. கணவர் சொன்னால் நேரில் வந்து உடைத்துப் பார்ப்பார். நான் சொன்னால் லாரியையே அனுப்பிவிடுவார். படித்த பிள்ளை பொய் சொல்லாது என்று நினைப்பு. படம் போனதும் கூப்பிட்டார்.

"நம்ம சரக்கு நனையலைங்களே அம்மணி?"

நனைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் சோப்புக்குப் போயிருக்கும். "இல்லீங்ண்ணா, நல்லா வெள்ளையா இருக்குதுங்க," என்றேன். கணவர் பக்கத்தில்கூட இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. சீ, என்ன பிறவி நான்!

மறுநாள் காலை லாரி ஏற்றிப் போனது. அந்த அக்கா குழாயடியில் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "அம்மணி, இந்த எண்ணெய் எந்தக் கடைக்குப் போகுமுங்க?"

"எதுக்குங்கக்கா?"

"மவளுக்குக் கொழந்த பொறந்திருக்குதுங்க. மேலுக்குத் தேச்சு ஊத்தோணும். அந்தக் கடையில மட்டும் வாங்காம இருந்துக்குவமுங்க."

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். பதிலுக்காகக் குழாயை மூடிவிட்டு நின்றார்.

எல்லாக் கடைக்கும்தான் போகும்.