தெகிமசேன் என்றால் பற்றாது

அன்று கடியப்பட்டணம் கடற்கரை ஓலைக்கொட்டகையில் நாலு பேர் இருந்தோம்: கருமணல் வாங்க வந்த ஜப்பான்காரர், அவரைக் கூட்டிவந்த தரகர், அப்பா, நான். அம்மா அக்காளின் பேறுகாலத்துக்குத் திருவட்டாற்றுக்குப் போயிருந்தாள். என்னோடு ஜப்பான் பாடம் தொடங்கிய சிநேகிதனும் இல்லை. புத்தகத்தை என்னிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டான்.

அவன் போனபின் கேள்வியும் நானே, பதிலும் நானே. அப்பா பனையில் இருக்கிற நேரம் கீழே நின்று உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நான் சொல்வது சரியா தப்பா என்று சொல்ல அந்த வட்டாரத்தில் ஒரு ஜீவன் கிடையாது.

முடியும் என்பதைச் சொல்லும் பாடம் எனக்குப் பிடித்திருந்தது. 'யோமு' என்றால் வாசிப்பது. 'கொதோ' சேர்த்தால் வாசிக்கிற காரியம். பின்னால் 'கா தெகிமாசு' வந்தால் அந்தக் காரியம் கூடிவரும். எங்கள் ஊர்ப் பேச்சில் 'எனக்குப் பற்றும்' என்பதும் அப்படித்தானே. தெகிமாசு என்றால் பற்றும், தெகிமசேன் என்றால் பற்றாது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஜப்பான்காரருக்குப் பிடித்தால் பதினெட்டு மாதம் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாசி வேலை, மாதம் முப்பது ரூபாய் என்று தரகர் சொல்லியிருந்தார்.

ஜப்பான்காரர் ஊர் கேட்டார். வயது கேட்டார். பனைக்குக் கீழே பழகிய தொண்டை, உரக்கவே பதில் வந்தது.

"ஏலே, மெல்லச் சொல்லு. அவரு வாங்க வந்த மணலு பறந்திரும்," என்றார் தரகர்.

ஜப்பான்காரர் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். உள்ளே ஒரு பெண்ணின் புகைப்படமும் கடிதமும். கடிதத்தை என்னிடம் நீட்டி, "யோமு கொதோ கா தெகிமாசு கா?" என்றார். குழந்தை எழுதிய பெரிய எழுத்துகள். முதல் சொல் பார்த்தவுடனே தெரிந்தது. ஒதோசான். அப்பா.

"என்னதாம் மக்களே கேக்காரு?" என்றார் என் அப்பா.

"இத வாசிக்கப் பற்றுமாண்ணு கேக்காரு."

"அவரு வீட்டுக் கடுதாசில்லா. பொம்பள படமும் வச்சிருக்கு. அது நமக்குப் பற்றாது."

அப்பா சொன்னது நியாயமாகவே பட்டது. கடிதத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "தெகிமசேன்," என்றேன். ஜப்பான்காரர் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு தலை குனிந்தார். மரியாதை புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் தரகர் வீட்டுக்குப் போனேன். "வாசிக்கவே தெரியாதவன எதுக்குக் கூட்டியாந்தீருண்ணு எங்கிட்டச் சடைக்காரு. நீயே சொன்னியாமேலே?" ஜப்பான்காரரின் கார் விடியவே கொல்லத்துக்குப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். செய்யக்கூடாது என்பதற்கு வேறு சொல், வேறு பாடம். நான் நின்ற இடத்திலிருந்து பத்துப் பாடம் தள்ளி இருந்தது. எங்கள் பற்றாது, முடியாது கூடாது இரண்டையும் ஒரே வாயால் சொல்லிவிடுகிறது. சிநேகிதன் பக்கத்தில் இருந்திருந்தால் ஒருவேளை அவனுக்குத் தோன்றியிருக்கும்.

சாயங்காலம் அப்பா பனையிலிருந்து இறங்கி, "என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"வேல இல்லியாம்."

"போட்டு மக்களே. நாம மானமா நடந்தோம்லா."

காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒரு சொல்லைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். கணக்கு மட்டும் எனக்குத் தெரியும். ஐந்நூற்று நாற்பது ரூபாய்.