துண்டுக்குள் ஐந்து விரல்

போன வெள்ளிக்கிழமை காலை பழனியில் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பெருமாள்மலையிலிருந்து கருப்பணனின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாருங்க சித்தப்பா. வெள்ளனேயே அடங்கிருச்சு. கஷ்டப்படலைங்க." கடையை மறுபடி பூட்டிவிட்டு மலை பஸ்ஸில் ஏறினேன். எங்கள் வாத்திய கோஷ்டியின் பழைய ஆட்களும், கேட்டு ரசித்தவர்களும் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். உங்களிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அங்கே வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன்தான். ஆனாலும் 'அவர்' என்று எழுத என் கை ஒத்துக்கொள்ளாது.

கருப்பணன் கொடைக்கானல் மலையில் கிளாவரை ஊர்க்காரன். பூண்டு போடுகிற குடும்பம். ஐம்பதுகளில் கொடைக்கானல் பங்களாக்களுக்குக் காய் கொண்டுபோய்ப் போடுவான். ஒரு பங்களாவில் கழுத்து ஒடிந்து கிடந்த கித்தாரை ஒரு கூடை பீன்ஸுக்கு வாங்கி, பசை போட்டு ஒட்டி, கேட்டுக் கேட்டே பழகியவன். நான் பழனிக் கடைக்காரன் மகன், டிரம் அடிக்கிறவன். "தாளம் உன்கிட்ட, சுருதி என்கிட்ட, சண்டை மட்டும் பொது மாப்ளே" என்பான். எங்கள் முப்பது வருஷமும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். ஏரிக்கரை ஹோட்டலில் சீசனுக்கு வாசிப்பது நாங்கள்தான். அந்த வருஷம் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "எலெக்ட்ரிக் கித்தார் இல்லேன்னா மெட்ராஸ் பார்ட்டியை வரச்சொல்லிருவேன்." கோஷ்டியில் ஐந்து பேர். சீசன் போனால் ஐந்து வீட்டு அடுப்பும் அணைந்த மாதிரிதான். அப்படிப்பட்ட கித்தார் மதுரையிலேயே கிடைக்காத காலம்.

பங்களாக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது, வீட்டுச் சாமானையெல்லாம் புல்வெளியில் பரப்பிச் சீட்டு ஒட்டி விற்பது கொடைக்கானலில் வழக்கம். அப்படி ஒரு துரைசானி வீட்டில் அமெரிக்கக் கித்தார் ஒன்றும் அதற்குரிய ஆம்ப்ளிஃபயரும் விலைக்கு இருப்பதாகத் தெரிந்து ஓடினோம். செம்பழுப்பு நிறம், வெல்வெட் வைத்த பெட்டி. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. கருப்பணன் அவசரப்படவில்லை. ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நீளவாக்கில் பார்த்தான். ஆணிகளில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினான். சுருதி சேர்த்து, மஞ்சு இறங்குகிற வேலியோரம் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, "அரை மணி நேரம் கெடக்கட்டும்ங்க அம்மா. நம்ம மலை ஈரத்துக்குத் தாங்குதான்னு பார்த்துக்கிறேன்" என்றான். அரை மணி கழித்து மீட்டினால் சுருதி அப்படியே நின்றது. அதன்பிறகுதான் உள்ளே கொண்டுபோய்க் கரண்ட் கொடுத்து வாசித்தான். கூடையில் பீங்கான் அடுக்கிக்கொண்டிருந்த துரைசானி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பேரம் என் வேலை. பேரத்தில் என்னை ஜெயிக்க ஆள் பிறக்கவேண்டும் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. சீட்டில் அறுநூறு என்று இருந்தது. புருஷனுக்கு உடம்பு சரியில்லை, இரண்டு நாளில் கப்பலுக்குக் கிளம்பவேண்டும் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். அது போதாதா எனக்கு? எங்கள் மடியில் இருந்ததும் நானூறுதான். இழுத்து இழுத்து அதற்கே கொண்டுவந்தேன். அவர் கையிலிருந்த பீங்கானைக் கூடையில் வைத்துவிட்டு, "நானூறு. சரி" என்றார்.

அங்கேதான் கருப்பணன் குறுக்கே வந்தான். பூண்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். பிடித்த விரல் எத்தனையோ, விலை அத்தனை நூறு. அதற்குமேல் பேச்சு கிடையாது. அவன் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுத் துரைசானி முன்னால் நீட்டினான். அந்த அம்மா விழித்தார். பிறகு, கைகுலுக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்து, துண்டுக்குள் கையை விட்டு அவன் கையை முழுசாகப் பிடித்துக் குலுக்கினார்.

"அஞ்சு விரல் புடிச்சுட்டாங்க. ஐந்நூறு. முடிஞ்சுபோச்சு" என்றான் கருப்பணன்.

நான் அவன் காலை மிதித்தேன். துரைசானியே, "இல்லை, நானூறு" என்றார். "கை சொன்னது கை சொன்னதுதாங்க அம்மா" என்று நின்றுவிட்டான். மறுநாள் விதைக்கு வைத்திருந்த பூண்டில் பாதியை விற்று மீதி நூறைக் கொண்டுவந்து கொடுத்தான். அடுத்த போகத்தில் அவன் வயல் பாதி தரிசாகக் கிடந்தது. "அந்தக் கித்தாரையே நட்டு வையுங்க, முளைக்குதான்னு பாப்போம்" என்று அவன் மனைவி சொன்னதை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

சித்திரையில் அந்தக் கித்தாரோடு மேடை ஏறினோம். மெட்ராஸ் பார்ட்டி வரவேயில்லை. அதன்பிறகு பதினோரு சீசன் அந்த மேடை எங்களுடையதாகவே இருந்தது. சோறு போட்டது அந்தக் கித்தார். நானோ இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொன்னேன். "கைகுலுக்கினதுக்கு நூறு ரூபாய் கொடுத்த மகராசன்" என்பேன். கல்யாண வீடு, காது குத்து, எங்கே கூடினாலும் நீங்களே கேட்டு வாங்கிச் சிரிப்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவனும் சிரிப்பான்.

தை மாதம் அவனைப் பார்க்கப் போனபோது, மகள் வீட்டில் கட்டிலில் இருந்தான். சிரிக்க வைக்கலாம் என்று அதே கதையை எடுத்தேன். முடிக்கவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மாப்ளே, பங்களா பங்களாவாக் காய் வித்தவன் நான். வெள்ளைக்காரங்க கைகுலுக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"பின்னே ஏன்டா?" என்றேன்.

"மழையில வெள்ளாமை நனைஞ்ச வருஷம், ஒரு யாவாரி எங்கப்பன்கிட்ட பாதி விலைக்குப் பூண்டைப் புடிச்சான். விரலு தெரியல. துண்டுக்கு மேல எங்கப்பன் முகம்தான் தெரிஞ்சுது, வாடிப்போயி. சின்னப் பயலா நின்னு பார்த்தேன். அந்தம்மா சரின்னு சொன்னப்போ அதே மாதிரி முகம். அவசரத்துல இருக்கிறவுககிட்ட அடிச்சு வாங்குறது நமக்கு வேண்டாம்னு பட்டுச்சு."

"அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். நாலுன்னு முடிச்சது நீ. அந்தம்மா முன்னால உன்னைச் சின்னப்படுத்தச் சொல்றியா? நான் கிறுக்கனாயிட்டா சோலி முடிஞ்சுது."

கித்தார் அவன் மகளிடம் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். நான் வாய் கூசாமல் கதை சொன்ன முப்பது வருஷமும், என் மானம் போகக்கூடாதென்று என் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனும் சேர்ந்து சிரித்தானே, அந்தச் சிரிப்பை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.