ரோபோவுக்குள் நான் திணறியபோது

போன வருஷம் மே மாதம், தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அன்று முகூர்த்தம் எதுவும் இல்லை. சினிமா, காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் எல்லாம் சேர்ந்து எங்கள் பக்கத்தில் முதல்முறையாக ஒரு விழா வைத்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மேடையில் வாள் பிடித்தவர்களும் சிறகு கட்டியவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, எல்லோரையும் விட உயரமாக ஒரு ரோபோ. அதற்குள் நான்.

எங்களுக்குச் சின்னமனூர். நானும் என் கணவரும் கார், வேன்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறோம். அவர் அளவெடுத்து வெட்டுவார், நான் தைப்பேன். வெட்டியது போக ரெக்சினும் ஃபோமும் நிறைய மிஞ்சும். ஒருநாள் அந்தத் துண்டுகளை வைத்து விளையாட்டாக ஒரு கை செய்தேன். விரல்கள் மடங்கின. பிறகு தோள், மார்பு, கால் என்று வளர்ந்து, முழு ரோபோவே ஆகிவிட்டது. எந்தப் படத்தையும் பார்த்துச் செய்யவில்லை. பச்சையும் மஞ்சளுமாக என் மனசில் தோன்றியதுதான். உள்ளே பி.வி.சி. பைப், தலைக்குள் ஒரு பழைய ஹெல்மெட், கண்ணுக்குக் கறுப்பு அக்ரிலிக், பைக்கில் ஒட்டுகிற எல்.ஈ.டி. விளக்கு. பெயிண்ட் அடித்துக் கொடுத்தது பக்கத்து லேத் ஷெட்காரர்.

அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் கொச்சிக்கும் போய் வந்திருக்கிறோம். அங்கேயெல்லாம் உள்ளே இருப்பது பெண் என்றே யாருக்கும் தெரியாது. "அண்ணே, செம" என்பார்கள். தலையைக் கழற்றியதும் ஒரு நிமிஷம் என்னையும் ரோபோ தலையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் வீட்டில் அது எடுபடவில்லை. என் மாமியார், அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன், "கல்யாணம் கட்டுன பொம்பள வேஷம் போட்டுக்கிட்டு ஊர் ஊராத் திரியுறான்னு நாலு பேரு பேசுறாக" என்று பல தடவை வருத்தப்பட்டிருக்கிறார். அதனால் தேனியில் விழா என்றதும் நான்தான் பிடிவாதமாக அவரை அழைத்துப்போனேன். கொழுந்தனும் அவர் மனைவியும் வந்தார்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அந்த விழாவுக்காக ரோபோவில் ஒரு மாற்றம் செய்திருந்தேன். நடக்கும்போது தலை ஆடுகிறது என்று, கழுத்துக்குப் பின்னால் கொக்கி வைத்து, தலையை உடம்போடு சேர்த்துப் பூட்டிவிட்டேன். முதுகுப் பக்கமும் கொக்கிதான். அதற்கு மேல் ரெக்சின் மடிப்பு வந்து மூடிக்கொள்ளும். பார்க்க நேர்த்தியாக இருந்தது. மாட்டுவதும் கழற்றுவதும் என் கணவருக்கு மட்டும் தெரியும். உள்ளே காற்றுக்கு, கம்ப்யூட்டரில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு குட்டி ஃபேன். ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைப்பேன். "கழட்டு" என்று அதற்கு அர்த்தம். எங்கள் இரண்டு பேருக்குள் பேசிவைத்தது.

மேடையிலிருந்து இறங்கியதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்க வந்தார்கள். கூட்டத்தில் அத்தையைப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்த நேரத்தில் யாரோ வந்து, வாசலில் நிற்கிற எங்கள் வேனை எடுக்கச் சொன்னார்கள். என் கணவர் என் காதுப் பக்கம் எம்பி, "இந்தா வந்துர்றேன், இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் நின்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. சரி, வந்துவிடுவார் என்று பொறுத்திருந்தேன். மே மாத வெயில், தகரக் கூரை போட்ட மண்டபம், கூட்டத்தின் சூடு. கண் அக்ரிலிக்கில் ஆவி படிந்தது. ஃபோமை ஒட்டிய பசையின் வாடை சூட்டில் கிளம்பி நெஞ்சை அடைத்தது. அத்தை முன்னால் பாதியில் கழற்றச் சொல்ல வேண்டாமே என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். அப்புறம் கை விரல்கள் மரத்துப்போயின. அப்போதுதான் பயந்தேன்.

இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தேன்.

கூட்டம் 'ஓ' என்று ஆர்ப்பரித்தது. ரோபோ வணக்கம் சொல்கிறது என்று நினைத்துவிட்டார்கள். முன்னால் நின்ற பையன்களும் பெண்களும் அதேபோலக் கைகளைக் குறுக்காக வைத்துக் காட்டினார்கள். நான் கைகளை எடுத்து மறுபடி வைத்தேன். அவர்களும் எடுத்து மறுபடி வைத்தார்கள். கத்தினேன். ஹெல்மெட், அதற்கு மேல் ஃபோம், வெளியே ஸ்பீக்கரில் பாட்டு. என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. தலையைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். தோள்பட்டை அவ்வளவு தூரம் தூக்க விடவில்லை. தலையில் தட்டினேன். பாட்டுக்குத் தாளம் போடுகிறது என்று எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள். உட்கார்ந்துவிடலாம் என்றால் காலில் இருந்த பைப் முட்டியை மடக்க விடவில்லை.

இவ்வளவு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் போன் இருந்தது. என் சொந்தங்கள் கூட்டத்துக்கு நடுவே நாலு எட்டுத் தள்ளி நின்றார்கள். இத்தனை பேருக்கு நடுவில் செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்தேன்.

இனி சொல்வதில் பாதி நான் உணர்ந்தது, பாதி பிறகு மற்றவர்கள் சொன்னது.

மண்டபத்தின் ஓரத்தில் ஒரு கல்லூரிப் பெண், தான் வரைந்த ஸ்டிக்கர்களை மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்தவர். வலது கை மடங்கிக் கிடக்கும், கால் இழுக்கும். பேச்சு போய்விட்டது. வாயில் மிச்சம் இருந்தது 'இந்தா' என்ற ஒரு சொல் மட்டும்தான். பசிக்கும் வலிக்கும் கோபத்துக்கும் அந்த ஒரு சொல்தான்.

அவர் எழுந்து கம்பை ஊன்றிக் கூட்டத்துக்குள் நுழைந்து வந்திருக்கிறார். என் கையை ஒருவர் பிடிப்பது தெரிந்தது. புகை மூட்டம் போலத் தெரிந்த கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் மிக அருகில் வந்து உற்றுப் பார்த்தது. மற்றவர்கள் எல்லாம் ரோபோவைப் பார்த்தார்கள். அவர் அந்தக் கறுப்புக் கண்ணுக்குப் பின்னால் எதையோ தேடினார்.

"இந்தா! இந்தா! இந்தா!" என்று கத்தினார்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பையன்கள் ஓடி வந்தார்கள். "ஐயா, வரிசையில வாங்க. எல்லாருக்கும் போட்டோ உண்டு" என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அவர் போகவில்லை. என் மார்புத் தகட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். பையன்கள் இழுக்க, கம்பு நழுவி, தரையில் விழுந்தார். விழுந்தவர் அப்படியே நகர்ந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன்டா அவன்? குடிச்சுட்டு வந்து பொம்பளப் பிள்ள காலப் புடிக்கிறான். ஏலே, இழுத்து வெளிய விடுடா" என்று கொழுந்தனைப் பார்த்துச் சத்தம் போட்டார். கொழுந்தன் போய் அவருடைய நல்ல கையைப் பிடித்து முறுக்கி இழுத்தார். அப்படியும் அவர் விடவில்லை. மடங்கிக் கிடந்த மற்றக் கையை என் கணுக்காலில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு, "இந்தா, இந்தா" என்று அழுதிருக்கிறார்.

அதற்குள் அவர் மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"அப்பாவ விடுங்க! அவுக குடிக்கல. உள்ள இருக்கவுகளுக்கு என்னமோ ஆயிருச்சு. கழட்டுங்க!"

"உங்கப்பா அப்படிச் சொன்னாரா? வெறும் இந்தா இந்தான்னுதானே கத்துறாரு" என்றார் கொழுந்தன்.

"எனக்குத் தெரியும். அப்பா சும்மா அழ மாட்டாக. மொதல்ல கழட்டுங்க!"

எப்படிக் கழற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கொக்கிகளை நான்தான் அவ்வளவு அழகாக மறைத்து வைத்திருந்தேனே. அந்தப் பெண் தன் மேசைக்கு ஓடி, ஸ்டிக்கர் வெட்டும் கத்தியை எடுத்து வந்து, என் விலாப் பக்கத்துத் தையலை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். நான் போட்ட இரட்டைத் தையல். அதை அறுக்க அவள் படாதபாடு பட்டதாகச் சொன்னார்கள். அந்த வழியாகக் கையை விட்டுப் பார்த்தபோது நான் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் என் கணவர் வாசலில் வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். அவர் கொக்கியைத் தள்ளித் தலையை எடுத்ததும் நான் அவர் மேலேயே சரிந்தேன்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னாராம். அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "சிரிச்சுக்கிட்டு நின்னேனே ஆத்தா... நீ உசுருக்குப் போராடுற, நான் கை தட்டிக்கிட்டு நின்னேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

உடம்பு தேறியதும் அந்த அப்பாவையும் மகளையும் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனோம். மார்க்கையன்கோட்டை. அத்தையும் கொழுந்தனும் தாங்களாகவே கிளம்பி வந்தார்கள். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை. கொழுந்தன் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றக்கூட மறந்து, அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தன் நல்ல கையைக் கொழுந்தனின் தலைமேல் வைத்து, மெல்ல அழுத்திவிட்டு எடுத்தார். அத்தை, "குடிகாரன்னு சொல்லிட்டேன் சாமி" என்று கும்பிட்டார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் என் முகத்தைச் சரியாகப் பார்ப்பது அப்போதுதான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று மகளிடம் கேட்டேன். அவள் சொன்னாள். அவர் முன்பு வாழைத்தார் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவராம். கணீரென்ற குரல், ஏலத்துக்கு நடுநடுவே கேலி பேசிச் சிரிக்க வைப்பாராம். ஒருநாள் ஏலம் விட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் குழறியிருக்கிறது. விலை சொல்ல வேண்டிய இடத்தில் என்னென்னவோ வந்திருக்கிறது. சுற்றி நின்ற வியாபாரிகள், இன்றைக்கு என்னமோ புதுசாக விகடம் பண்ணுகிறார் என்று சிரித்தார்களாம். அவர் கையை ஆட்டியிருக்கிறார். இன்னும் சிரித்தார்களாம். அவர் கீழே விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரிப்பு அடங்கவில்லையாம்.

"சீக்கிரம் கொண்டு வந்திருந்தா பேச்சு வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாக. அப்பா யாரையும் குத்தம் சொன்னதில்ல அக்கா. ஆனா கூட்டமா யாராச்சும் சிரிச்சாப் போதும், நடுவுல நிக்கிறது யாருன்னுதான் மொதல்ல பாப்பாக" என்றாள்.



அந்த ரோபோவைத் தூக்கிப் போட்டுவிடத்தான் நினைத்தேன். வேண்டாம் என்றது அத்தைதான். "மறுபடி செய்யி. ஆனா யாரு தொட்டாலும் தொறக்குற மாதிரி செய்யி" என்றார். கொக்கிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். முன்பக்கம் மார்பிலேயே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு சிவப்புப் பட்டை வைத்தேன். அதைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் இரண்டாகப் பிரிந்துவிடும். கண் அக்ரிலிக்கையும் மாற்றினேன். இப்போது வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என் கண்கள் தெரியும். ரோபோவின் கம்பீரம் கொஞ்சம் குறைந்துதான் போனது.

செய்து முடித்ததும் முதலில் மார்க்கையன்கோட்டைக்குத்தான் எடுத்துப்போனோம். அவர் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். "இழுங்கய்யா" என்றேன். அவர் தயங்கித் தயங்கி இடது கையை நீட்டிப் பட்டையைப் பிடித்தார். ஒரே இழுப்பு. தோளும் மார்பும் பிரிந்து இரண்டு பக்கமும் விழ, உள்ளேயிருந்து நான் வெளியே வந்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிறது என்று சொல்லி மகள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள்.

இப்போதும் விழாக்களுக்குப் போகிறேன், கைதட்டல் இப்போதும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டிலோ கடைவீதியிலோ யாராவது வித்தியாசமாகக் கையை ஆட்டினால், சிரிப்பதற்கு முன்னால் ஒரு கணம் நின்று அவர்கள் கண்ணைப் பார்க்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.