கறுப்புச்சட்டை சூசையின் கருவாட்டுக் காவல்

இன்று நான் பூசைக்குப் பிந்திப் போனதற்குக் காரணம் கருவாடு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தருவைகுளமே கோயிலில்தான் இருக்கும். மணலில் காயும் கருவாட்டுக்குக் காவல், சாமியே இல்லை என்று சொல்லும் கறுப்புச்சட்டை சூசை அண்ணன். எங்கள் ஊர் நாய்களுக்குப் பூசை மணி நம்மைவிட நன்றாகத் தெரியும். முதல் மணிக்கே கருவாட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். அது கிடக்கட்டும்.

இன்று, கோயிலில் வேதபாடம் சொல்லித்தர வந்திருக்கும் புது உபதேசியார் கடற்கரைக்கே வந்து கேட்டார்: "சாமி பயம் இல்லாதவன நம்பியா விட்டுட்டு வாரீங்க?"

ரோசம்மா அக்காள் சிரித்தாள். "ரெண்டு வருசமா ஒரு நெத்திலி கொறையல, உபதேசியாரே. சாமி பயம் உள்ளவங்கள வச்சப்பதான் பாதி காணாமப் போச்சி!"

ஆனால் சூசை அண்ணனுக்கு ரோசம் வந்துவிட்டது. சிலோன் பாட்டு ஓடிய டிரான்சிஸ்டரை அணைத்தார். "என்னத் திருடன்னா நெனச்சீரு? இன்னைக்கி நானும் பூசைக்கு வாரேன். காவலுக்கு உம்ம சாமி இருக்கட்டும்!"

விறுவிறுவென்று நடந்தார். நாய்கள் எழுந்தன.

பெண்கள் ஏழெட்டுப் பேர் ஓடிப்போய் வழியை மறித்தோம். "அண்ணாச்சி, ஒமக்குப் புண்ணியமாப் போவும், கோயிலுக்கு மட்டும் வராதீரும்!"

எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தது உபதேசியாரின் மனைவி. "இவரு சொன்னத மனசுல வைக்காதீங்கண்ணே. எங்க சாளைக் கருவாடும் அங்கனதான் காயுது!"

உபதேசியார் கடலைப் பார்த்தார், நாய்களைப் பார்த்தார். "சரி சூசை, மனந்திரும்புதத அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்" என்றார்.

ஒரு மனிதரைக் கோயிலுக்குப் போகவிடாமல் தடுத்ததை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.