மழை மாதத்தில் தைத்த பை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மரக்காணத்து உப்பளத்தில் யாருக்கும் வேலை கிடையாது. பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். தை பிறந்து அது வடியும்வரை வீட்டில் உட்கார வேண்டும். எனக்கு உட்காரத் தெரியாது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மனைவி அப்படியில்லை. பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். "மழை முடியிற வரைக்கும்தான்" என்று சொல்லித்தான் போனாள். ஒரே மாதத்தில் அவள் நடையே மாறிவிட்டது. காலை பஸ்ஸுக்குச் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள். பத்து வருஷமாக நாங்கள் ஜோடியாகத்தான் உப்பு எடுக்கிறோம். நான் பலகையால் வாரிக் குவிப்பேன், அவள் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். தையில் திரும்ப வருவாளா என்ற கேள்வி தினமும் என் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

சாப்பாட்டு டப்பாவை அவள் பிளாஸ்டிக் கவரில்தான் கொண்டுபோவாள். ஒருநாள் கவர் கிழிந்து குழம்பெல்லாம் ரோட்டில் போயிற்று. மறுநாள் அவள் பஸ் ஏறியதும், அவளுடைய பெடல் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தேன். போனில் வீடியோ போட்ட பெண், பத்து நிமிஷத்தில் பை ரெடி என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள்.

நீளத் துணியை இரண்டாக மடித்து, அடிமடிப்பை நான்கு விரல் உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் தைத்துத் திருப்பினால் அடிப்பாகம் தானே விரியும். பார்க்கச் சுலபம்தான். ஆனால் மடிப்பு நிற்கவே இல்லை. வீட்டில் அயர்ன் பாக்ஸ் கிடையாது. உப்பு விளைய பாத்தித் தரையை மிதித்து இறுக்கிப் பழகிய கால் அல்லவா, யோசிக்காமல் மடிப்பைக் குதிகாலால் அழுத்தி மிதித்துவிட்டேன். வெளிர் நீலத் துணியில் குதிகால் அச்சு அப்படியே விழுந்தது. ஆத்திரத்தில் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வந்தேன். வேறென்ன வேலை எனக்கு? பை முடியும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

சாயங்காலம் வந்தவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, பாத்தி மெதிக்கிற மாதிரி மெதிச்சிருக்க?"

சிரித்தபடி தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பிடித்துவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"மழை முடியிற வரைக்கும் தாங்கும்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அவள் சிரிப்பு நின்றது. உள்ளே போய் ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்து வந்து மிஷின் மேல் வைத்தாள். என் பழைய சட்டை அது. உப்பளத்தில் வெயிலுக்காக அவள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வது.

"இத வெட்டி உள்ள ஒரு பாக்கெட் வெச்சிடு. போன் வெக்கணும்."

"இத வெட்டிட்டா தையில இன்னா போட்டுக்குவ?"

"இனிமே எனக்கு எதுக்குய்யா அது? கால் புண்ணு இப்பதான் ஆறியிருக்குது."

குனிந்து பார்த்தேன். உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக வெடித்துக் கிடந்த பாதம், தோல் மூடி வழவழப்பாக இருந்தது. ஒரு மாதமாக அதே வீட்டில் இருந்தும் அது என் கண்ணில் படவே இல்லை. வெட்கமாக இருந்தது. சட்டையின் முதுகில் கத்தரியை வைத்தேன்.